வெற்றுத் தட்டு என்று ஒன்று கிடையாது

கணினியில் ஒரு பென்டிரைவையோ, வெளியிலிருந்து செருகும் ஹார்ட் டிஸ்க்கையோ மாட்டி, அதன் படத்தின் மேல் மௌஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, ஃபார்மட் என்பதைத் தேர்ந்தால் ஒரு சிறு பெட்டி திறக்கும். கொள்ளளவு, கோப்பு முறை, ஒதுக்கீட்டு அலகு, டிரைவின் பெயர், விரைவு ஃபார்மட் என்ற கட்டம், கீழே தொடங்குவதற்கான பொத்தான். பெரும்பாலோர் எதையும் மாற்றாமல் அந்தப் பொத்தானை அழுத்துவார்கள். சில நொடிகளில் வேலை முடிந்ததாகச் செய்தி வரும். உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது, டிரைவ் புத்தம் புதிதாகிவிட்டது என்று நம்பி அதை அடுத்தவரிடம் கொடுப்பார்கள், விற்பார்கள், குப்பையிலும் போடுவார்கள். இந்த நம்பிக்கை தவறு என்று தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். ஆனால் இது ஏன் இவ்வளவு உறுதியாக வேரூன்றியது என்று கேட்பவர் குறைவு. ஒரு காலத்தில் அது முழு உண்மையாக இருந்தது என்பதுதான் விடை. ஃபார்மட் என்ற ஒரே வேலை 1980-களின் நடுவில் இரண்டாகப் பிளந்தது. மேல்பாதி நம் மேசையில் தங்கியது. கீழ்ப்பாதி தொழிற்சாலைக்குப் போனது. அந்தத் தொழிற்சாலைகள் நிலைகொண்ட வட்டாரங்களில் மலேசியாவின் ஜொகூரும் ஒன்று. மிளகு, கம்பீர், அன்னாசி, ரப்பர், செம்பனை என்று ஜொகூரின் பொருளாதாரத்தை விரிவாக எழுதுகிறவர்கள், மின்னணுத் தொழில் என்று வரும்போது இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். உலகத்து மேசைகளில் நடக்கும் ஒரு சின்ன வேலையின் பொருளையே மாற்றிய தொழில் அது. அந்த அளவுக்காவது அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

கழற்றி மாட்டும் தட்டு பிறக்கும் முன் ஃபார்மட் ஒரு பொதுப் பிரச்சினையே அல்ல. ஐபிஎம் 1956-ல் கொண்டுவந்த ராமாக் இயந்திரத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே தண்டில் சுழன்றன. மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துக்குறிகள். அந்த அடுக்கு அந்த இயந்திரத்தைவிட்டு நகராது. ஆகவே தடம் எங்கே தொடங்குகிறது, பகுதி எங்கே முடிகிறது என்பதெல்லாம் அந்த ஓர் இயந்திரத்தின் உள்விவகாரம். 1962-ல் அதே நிறுவனத்தின் 1311 வந்தபோதுதான் தட்டு கழன்றது. ஆறு தட்டுகள் கொண்ட, சுமார் நாலரை கிலோ எடையுள்ள அடுக்கை ஒருவர் கையில் தூக்கிப்போய் இன்னோர் இயந்திரத்தில் மாட்டலாம். அப்படி மாட்டும்போது இரண்டு இயந்திரங்களும் ஒரே கணக்கில் தட்டைப் படிக்க வேண்டும். 1973-ல் வந்த ஐபிஎம் 3740 முறை 8 அங்குல ஃப்ளாப்பிக்கு இந்த ஒப்பந்தத்தைத் தெளிவாக வகுத்தது: 77 தடங்கள், தடத்துக்கு 26 பகுதிகள், பகுதிக்கு 128 பைட், மொத்தம் 256,256 பைட். தட்டுகள் ஃபார்மட் செய்யப்பட்டே விற்பனைக்கு வந்தன. கேரி கில்டாலின் சிபி/எம் இயங்குதளமும் இந்த 8 அங்குல ஒழுங்கையே பொதுவழியாக எடுத்துக்கொண்டது. 1976-ல் ஷூகார்ட் நிறுவனம் ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பியைக் கொண்டுவந்ததும் ஒப்பந்தம் குலைந்தது. ஒவ்வொரு கணினி நிறுவனமும் தன் விருப்பப்படி தடத்தையும் பகுதியையும் வகுத்துக்கொண்டது. அப்போதுதான் ஃபார்மட் பயனாளியின் கைக்கு வந்தது. பத்துத் தட்டு கொண்ட ஒரு பெட்டியை வாங்கி, எந்தக் கணினியில் பயன்படுத்தப்போகிறோமோ அதிலேயே ஒவ்வொன்றாக நுழைத்து ஃபார்மட் செய்துவைப்பது அலுவலக வழக்கமாயிற்று.

இந்த ஃப்ளாப்பிக் காலத்தை நன்றாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைய நம்பிக்கை அங்கேதான் உருவானது. 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியில் ஒரு ஃப்ளாப்பியை ஃபார்மட் செய்தால் இரண்டு வேலைகள் ஒன்றாக நடந்தன. முதலில் டிரைவின் எழுதுமுனை 40 தடங்களையும் ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து, இது இத்தனையாவது தடம், இது இத்தனையாவது பகுதி என்ற முகவரிக் குறிகளைக் காந்தப்பூச்சில் பதித்தது. தடத்துக்கு 8 பகுதி, பகுதிக்கு 512 பைட் என்று 163,840 பைட். அதைத்தான் 160 கேபி என்றார்கள். முகவரி பதிக்கும்போதே ஒவ்வொரு பகுதியின் உள்ளும் ஒரே குறியீட்டு எண் நிரப்பப்பட்டது. பழைய கடிதம், பழைய கணக்கு எதுவும் மிஞ்சாது. அதற்குப் பிறகுதான் இரண்டாம் வேலை: எந்தக் கோப்பு எந்தப் பகுதிகளில் இருக்கிறது என்று குறித்துவைக்கும் ஃபாட் அட்டவணையும், கோப்புப் பெயர்களுக்கான வேர்ப்பட்டியலும் வெறுமையாக எழுதப்பட்டன. இந்த ஃபாட் முறையை 1977-ல் மைக்ரோசாஃப்டில் மார்க் மெக்டொனால்ட் பேசிக் மொழிக்காக எழுதினார். டிம் பேட்டர்சன் அதைத் தழுவித் தாம் 1980-ல் எழுதிய இயங்குதளத்தில் பயன்படுத்தினார். அதுதான் எம்எஸ்-டாஸ் ஆனது. கீழ்வேலை, மேல்வேலை இரண்டையும் ஒரே கட்டளை செய்ததால், ஃபார்மட் செய்தால் அழிந்துபோகும் என்று அன்று சொன்னவர் சரியாகத்தான் சொன்னார். மூன்றரை அங்குல ஃப்ளாப்பி 1987-ல் 1,474,560 பைட் கொள்ளளவை எட்டிய பிறகும் இதுவே நடந்தது. இரண்டு தலைமுறை எழுத்தர்களும் மாணவர்களும் இந்தத் தட்டுகளில்தான் கணினி பழகினார்கள். அவர்கள் கற்றது பிழையான பாடம் அல்ல.

ஹார்ட் டிஸ்க்கில் நிலைமை வேறு. ஆரம்ப ஆண்டுகளில் அங்கேயும் கீழ்வேலை பயனாளியிடமே இருந்தது, ஆனால் தனிக் கட்டளையாக. 1980-ல் ஸீகேட் வெளியிட்ட எஸ்டி-506 வன்தட்டு 5 எம்பி கொள்ளும். அந்த வகைத் தட்டுகளைக் கணினியில் புதிதாக மாட்டுபவர் டீபக் என்ற நிரலைத் திறந்து, வெஸ்டர்ன் டிஜிட்டலின் கட்டுப்பாட்டு அட்டையாக இருந்தால் ஜி சமம் சி800 முக்காற்புள்ளி 5 என்று தட்டுவார். அந்த முகவரியில் அட்டையின் சில்லுக்குள் உறங்கிய நிரல் எழுந்து தடங்களைப் பதிக்கத் தொடங்கும். அது முடிந்த பிறகு தட்டைப் பிரிவுகளாக வகுத்து, டாஸின் ஃபார்மட் கட்டளையை ஓட்டி அட்டவணை எழுத வேண்டும். இந்த இரண்டாம் கட்டளை ஹார்ட் டிஸ்க்கில் தரவுப்பகுதிகளை மேலெழுதவே இல்லை. படிக்க முடிகிறதா என்று சோதித்துவிட்டு அட்டவணையை மட்டும் எழுதியது. ஃப்ளாப்பிக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் ஒரே கட்டளை, ஆனால் விளைவு வேறு வேறு. அதனால்தான் 1991-ல் டாஸ் 5 வந்தபோது, செய்த ஃபார்மட்டைத் திருப்பும் அன்ஃபார்மட் என்ற கட்டளையையே கூட்டிக் கொடுக்க முடிந்தது. அழிந்துபோனதைத் திருப்ப முடியாது. திருப்ப முடிந்ததென்றால் அது அழியவில்லை என்றுதான் பொருள். இதற்கிடையே 1986 முதல் கட்டுப்பாட்டு அட்டையின் வேலையைத் தட்டுக்குள்ளேயே வைத்த ஐடிஇ வகை பரவியது. தடங்கள் நெருங்க நெருங்க, எழுதுமுனைக்கு வழிகாட்டும் குறிகளைத் தட்டிலேயே தொழிற்சாலையில் முன்கூட்டிப் பதித்தாக வேண்டியதாயிற்று. பயனாளி அவற்றை எழுதவும் முடியாது, அழிக்கவும் கூடாது. ஒரு ஃப்ளாப்பியை வலுவான காந்தத்தில் காட்டினால் அதிலுள்ளது அழியும்; திரும்ப ஃபார்மட் செய்தால் பழையபடி பயன்படும். இன்றைய ஹார்ட் டிஸ்க்கை அதற்குரிய காந்தக் கருவியில் வைத்தால் வழிகாட்டிக் குறிகளும் சேர்ந்து அழிந்து தட்டு நிரந்தரமாகச் செத்துவிடும். எந்தக் கணினியாலும் அதை மீண்டும் ஃபார்மட் செய்ய முடியாது. கீழ்ப்பாதி எங்கே போய்விட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அது போய்ச் சேர்ந்த வட்டாரத்துக்கு வருவோம். ஸீகேட் 1982-ல் சிங்கப்பூரில் உற்பத்தியைத் தொடங்கியது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர, சில ஆண்டுகளிலேயே உலகின் ஹார்ட் டிஸ்க் உற்பத்தியில் சிங்கப்பூர் முதலிடம் பிடித்தது. டேவிட் மெக்கென்ட்ரிக், ரிச்சர்ட் டோனர், ஸ்டீபன் ஹேகார்ட் ஆகிய மூவரும் இந்தத் தொழில் கலிஃபோர்னியாவிலிருந்து சிங்கப்பூருக்கு நகர்ந்த கதையை 2000-ல் ஒரு நூலாகவே எழுதினார்கள். உதிரிபாகம் செய்பவர்களும் பூட்டுபவர்களும் ஒருவருக்கொருவர் எட்டும் தூரத்தில் இருந்தது இந்தத் தொழிலின் பலம். சிங்கப்பூரில் நிலமும் ஆளும் விலையேறியபோது அந்த எட்டும் தூரம் பாலத்தைக் கடந்து ஜொகூருக்கும் வந்தது. 1924 முதல் இருக்கும் ஜொகூர் பாலம் இதற்கு வசதியாயிற்று. 1989 டிசம்பரில் சிங்கப்பூரின் அன்றைய துணைப் பிரதமர் கோ சோக் தோங் சிங்கப்பூர், ஜொகூர், இந்தோனேசியாவின் ரியாவ் மூன்றையும் இணைத்த வளர்ச்சி முக்கோணத்தை அறிவித்தார். ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்ததற்கு அது ஓர் அரசியல் பெயரும் கொடுத்தது. பினாங்கு ஹார்ட் டிஸ்க் தொழிலில் முன்னரே பேர்பெற்றது. ஜொகூருக்கு வந்து நிலைத்த வேலை இன்னும் அடிப்படையானது: அடித்தட்டு. ஸீகேட்டின் ஆண்டறிக்கைகளில் ஜொகூர் என்றால் அடித்தட்டு உற்பத்தி. நீரிணைக்கு அப்பால் உட்லண்ட்ஸ் என்றால் அந்தத் தட்டின் மேல் காந்த அடுக்குகளைப் பூசும் வேலை. வெஸ்டர்ன் டிஜிட்டல் 2007-ல் கோமாக் நிறுவனத்தை வாங்கியபோது அதன் ஜொகூர் அடித்தட்டுத் தொழிற்சாலையும் கைமாறியது. வட அயர்லாந்தின் லிமவாடியில் ஸீகேட் நடத்திவந்த அடித்தட்டு ஆலை 2008-ல் மூடப்பட்டது. அந்த வேலை மலேசியாவுக்கு வந்தது. ஓர் ஊரின் இழப்பில் இன்னோர் ஊரின் வேலைவாய்ப்பு என்பதை மறந்துவிட்டு இதைக் கொண்டாட மனம் வரவில்லை.

அடித்தட்டு என்றால் என்ன? அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த தகட்டிலிருந்து நடுவில் துளையுள்ள வட்டங்கள் வெட்டி எடுக்கப்படுகின்றன. அவற்றை அடுக்கி, எடைவைத்து அழுத்தி, சூளையில் சூடேற்றினால் நெளிவு நீங்கி நேராகும். உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் கடைந்து, இரு முகங்களையும் அரைத்து, நிக்கலும் பாஸ்பரஸும் கலந்த கரைசலில் தொங்கவிடுகிறார்கள். மின்சாரம் செலுத்தாமலே வேதிவினையால் சில மைக்ரான் தடிமனுக்குக் கடினமான பூச்சு படிகிறது. பிறகு நுண்துகள் கலந்த குழம்பு ஊற்றி மெருகேற்றுகிறார்கள். மேடுபள்ளம் ஒரு நானோமீட்டருக்கும் கீழே இறங்கும்வரை அது தொடர்கிறது. கடைசியில் கழுவி, தூசி அண்டாத அறையில் உலர்த்தி, சோதிக்கிறார்கள். முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளக்கும் அந்த வட்டத்தில் இன்னும் ஓர் எழுத்தும் இல்லை, காந்தமும் இல்லை. மாசாய், ஸ்கூடாய், செனாய், கூலாய்ப் பக்கங்களில் தோட்டங்கள் துண்டாகி வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, பால்மரத்தை விட்டுவந்த தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறைக்கு இப்படிப்பட்ட மின்னணு ஆலைகளின் முறைமாற்று வேலைதான் வாழ்வாதாரமாயிற்று. தோட்ட வாழ்வைப் பற்றி மலேசியத் தமிழில் நாவலும் ஆய்வும் நிறைய உண்டு. முழு உடலையும் மூடும் வெள்ளை அங்கியணிந்து பன்னிரண்டு மணிநேர முறையில் நின்றவர்களின் வரலாறு அதற்கு ஈடாக எழுதப்படவேண்டிய ஒன்று.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஜொகூரில் செய்யப்படுவது வெறும் உலோக வட்டம். அதில் ஒரு பைட்டும் எழுதப்படுவதில்லை. வழிகாட்டிக் குறிகளைப் பதிப்பதும் அங்கே அல்ல. அப்படியிருக்க ஃபார்மட்டின் வரலாற்றில் ஜொகூரைச் சேர்ப்பது, கவிதையின் வரலாற்றில் காகித ஆலையைச் சேர்ப்பது ஆகாதா? ஆகாது. காகிதம் எவ்வளவு நெருக்கமாக எழுதலாம் என்பதைக் கவிதைக்குச் சொல்வதில்லை. தட்டோ அதைத்தான் சொல்கிறது. ராமாக்கில் ஓர் அங்குலத்துக்கு 20 தடங்கள். ஐபிஎம் பிசியின் ஃப்ளாப்பியில் 48. மூன்றரை அங்குல ஃப்ளாப்பியில் 135. இந்த அடர்த்தியில் ஒரு மேசைக் கணினியின் மலிவான டிரைவே தடங்களைத் தானாக வகுத்துப் பதித்துவிடலாம். இன்றைய ஹார்ட் டிஸ்க்கில் ஓர் அங்குலத்துக்குள் சில லட்சம் தடங்கள் ஓடுகின்றன. முனை தட்டுக்கு மேலே ஓரிரு நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அந்த உயரத்தில் ஒரு சிறு மேடும் மலை. தட்டு அவ்வளவு சமதளமானதால்தான் தடங்கள் நெருங்கின. தடங்கள் நெருங்கியதால்தான் அவற்றை வகுக்கும் வேலை பயனாளியின் கைக்கு எட்டாமல் தொழிற்சாலைக்குள் போனது. மெருகு கூடக்கூட ஃபார்மட்டின் கீழ்ப்பாதி நம்மைவிட்டு விலகியது. ஆகவே அடித்தட்டு ஆலை இந்தக் கதைக்கு வெளியே நிற்கவில்லை. கதை திரும்பிய இடத்திலேயே நிற்கிறது.

மேசையில் தங்கிய மேல்பாதி என்ன செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ள ஜொகூரின் பழைய நிலமுறையே உதவும். 1840-களில் ஜொகூரை நிர்வகித்த துமெங்கோங் இப்ராஹிம் ஆற்றோர நிலங்களைக் காங்சு எனப்பட்ட சீனத் தலைவர்களுக்குச் சூராட் சுங்கை என்ற ஆற்றுச் சீட்டு கொடுத்து ஒப்படைத்தார். மிளகும் கம்பீரும் விளைந்தன. அந்தக் காங்சு முறை 1917-ல் ஒழிக்கப்பட்டது. சீட்டுகள் செல்லாமல் போயின, ஆனால் ஆறு அங்கேதான் ஓடியது, வெட்டிய வழிகளும் எழுப்பிய குடியிருப்புகளும் அன்றே மறையவில்லை. காங்சுவின் குடியிருப்பைக் குறிக்கும் சொல்லைத் தாங்கிய கங்கார் பூலாய் என்ற ஊர்ப்பெயர் இன்றும் இருக்கிறது. விரைவு ஃபார்மட் இப்படித்தான் சீட்டை மட்டும் மாற்றுகிறது. ஃபாட் முறையில் தொடக்கப் பகுதி, அட்டவணையின் இரு படிகள், வேர்ப்பட்டியல் ஆகியவை புதிதாக எழுதப்படும். கோப்புகள் கிடந்த பகுதிகள் தொடப்படாமல் கிடக்கும். அவற்றைப் பெயரில்லாமலே தேடி மீட்கும் மென்பொருள் எளிதாகக் கிடைக்கிறது. விரைவு என்ற குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்தால் போதாதா என்றால், அதற்கும் வரலாறு உண்டு: விண்டோஸ் எக்ஸ்பி வரை முழு ஃபார்மட் என்பது பழுதான பகுதிகளைத் தேடுவதற்கான வாசிப்பு மட்டுமே. விஸ்டாவிலிருந்துதான் அது தட்டு முழுவதும் சுழியங்களை எழுதத் தொடங்கியது. அமெரிக்காவின் எம்ஐடியில் சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158-ஐ விலைக்கு வாங்கிச் சோதித்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். இயங்கிய 129-ல் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. ஃபார்மட் செய்யப்பட்டிருந்த பலவற்றிலிருந்தும் தகவல்களை எடுக்க முடிந்தது. இதை அவற்றை விற்றவர்களின் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஃப்ளாப்பியில் உண்மையாக இருந்ததை அவர்கள் ஹார்ட் டிஸ்க்கிலும் நம்பினார்கள். அடியில் நடந்த பிளவை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பென்டிரைவில் சுழலும் தட்டே கிடையாது, ஆகவே தடமும் மெருகும் பேசிய இந்த வாதம் அதற்குப் பொருந்தாது என்று இன்னொரு மறுப்பு வரலாம். தட்டு இல்லை என்பது சரி. பிளவு அங்கே இன்னும் ஆழமானது. ஜொகூரிலிருந்து பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம் 2000-ல் தம்ப்டிரைவை விற்பனைக்குக் கொண்டுவந்தது; அதே ஆண்டில் இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் உருவாக்கியதை ஐபிஎம் விற்றது. யார் முதல் என்ற வழக்கு பல நாடுகளில் நடந்தது. சிலாங்கூரின் செக்கிஞ்சானில் பிறந்த புவா கெய்ன் செங் 2000 நவம்பரில் தைவானில் நண்பர்களோடு ஃபைசன் நிறுவனத்தைத் தொடங்கி, பென்டிரைவின் கட்டுப்பாட்டு வேலைகளை ஒரே சில்லுக்குள் அடக்கினார். அந்தக் கட்டுப்பாட்டுச் சில்லுதான் இங்கே கீழ்ப்பாதி. கணினி கேட்கும் 512 பைட் பகுதி உண்மையில் எந்த நினைவகக் கட்டத்தில் இருக்கிறது என்பது சில்லுக்கு மட்டுமே தெரியும். கட்டங்கள் சீராகத் தேயவேண்டும் என்பதற்காக அது எழுத்தை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். முழு ஃபார்மட் சுழியம் எழுதினாலும் பழைய கட்டம் ஒன்று எங்கோ ஒதுங்கிப் பழைய செய்தியோடு நிற்க வாய்ப்புண்டு. சுழலாத அந்தப் பொருள் கணினியிடம் தன்னைச் சுழலும் தட்டைப்போலவே காட்டிக்கொள்கிறது. அதன் மேல் நாம் எழுதுவது 1977-ல் ஃப்ளாப்பிக்காகப் பிறந்த ஃபாட்டின் வழிவந்த அட்டவணை.

இந்தப் பிளவைத் தெரிந்துகொள்வது சாதாரணப் பயனாளிக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சட்டமே ஒரு விடை தருகிறது. மலேசியாவின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-ல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தேவை தீர்ந்த தனிப்பட்ட தரவை அழிக்க வேண்டும் அல்லது நிரந்தரமாக நீக்க வேண்டும் என்று அதன் 10-ஆவது பிரிவு வணிக நடவடிக்கையில் தரவைக் கையாள்பவரைக் கட்டாயப்படுத்துகிறது. ஒரு மருந்தகமோ வாடகை வீட்டு முகவரோ வாடிக்கையாளர் விவரம் இருந்த டிரைவை விரைவு ஃபார்மட் செய்து கொடுத்துவிட்டால் அந்தக் கடமை நிறைவேறாது. தொடக்கத்திலேயே மறையாக்கம் செய்து பயன்படுத்தி, பிறகு திறவுகோலை அழிப்பது நம்பகமான வழி. அப்படிச் செய்யாத ஹார்ட் டிஸ்க்குக்கு முழு மேலெழுத்து, பென்டிரைவுக்கு உடைத்தெறிவது. சிங்கப்பூர் 2019 முதல் சில ஆண்டுகள் புதிய தரவு மையங்களை நிறுத்திவைத்தபோது கூலாய், செடெனாக், நூசாஜெயா பக்கம் வந்து குவிந்த பெரும் தரவு மையங்களின் துறையில், ஓய்வுபெறும் தட்டுக்கு வெறும் ஃபார்மட் போதும் என்று யாரும் விடுவதில்லை. மறையாக்கத் திறவுகோலை அழிப்பதும், தட்டையே இயந்திரத்தில் இட்டு நொறுக்குவதும் அங்கே வழக்கம். பெரிய நிறுவனங்கள் அறிந்ததைச் சின்னக் கடைக்காரரும் அறிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையல்ல.

மேல்பாதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கீழ்ப்பாதி ஆண்டுதோறும் மாறியது. மேல்பாதி உறைந்து நின்றது. விண்டோஸின் ஃபார்மட் பெட்டியை 1994 இறுதியில் தற்காலிகமாக எழுதிவைத்ததாக, அன்று மைக்ரோசாஃப்டில் பணியாற்றிய டேவ் பிளம்மர் 2024-ல் வெளிப்படையாகச் சொன்னார். ஃபாட்32 முறைக்கு 32 ஜிபி என்ற உச்சவரம்பும் அவர் அன்று தெரிந்தெடுத்ததுதான். அந்த முறை அதைவிடப் பெரிய தட்டுகளைத் தாங்கும், பெட்டி மறுத்தது. அதே 2024 ஆகஸ்டில் விண்டோஸ் 11-இன் சோதனைப் பதிப்பில் கட்டளை வரியில் மட்டும் வரம்பு 2 டிபி ஆக்கப்பட்டது. அப்போதும் பெட்டி மாறவில்லை. இதைவிட நம்மைத் தொடுவது டிரைவின் பெயருக்கான இடம். ஃபாட் முறையில் பெயருக்கு 11 பைட்; அதுவும் பழைய ஆங்கிலக் குறியீட்டுப் பக்கத்தின் வழியாக. மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை 1985-லேயே தொடங்கிவிட்டார். ஒருங்குறியில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றது. நெடும்பெயர்கள் ஒருங்குறியில் சேமிக்கப்படுவதால் ஃபாட்32-இல் கோப்புக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாம். டிரைவுக்கு வைக்க முடியாது. பெயர் செல்லாது என்று கணினி திருப்பிவிடும். கோப்புக்கே தமிழ் இருக்கும்போது டிரைவின் பெயர் பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஒரு பள்ளி மேசை இழுப்பறையில் ஒரே நிறத்தில் பத்து டிரைவ் கிடக்கும்போது, செருகியவுடன் திரையில் தெரிவது அந்தப் பெயர் ஒன்றுதான்.

2006-ல் வந்த எக்ஸ்ஃபாட் முறை பெயரை ஒருங்குறியில் வைத்துக்கொள்கிறது, ஆனால் 11 என்ற எண்ணை விடவில்லை. பழைய 11 பைட், 11 குறியீடாக மாறியது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு குறியீடு. தமிழில் மெய்க்குப் புள்ளி தனி, உயிர்மெய்க்கு உயிர்க்குறி தனி. ஜொகூர் பாரு என்று எழுதினால், இடைவெளியையும் சேர்த்துச் சரியாக 11. மயிரிழையில் உள்ளே வந்துவிடும். தமிழ்ப்பள்ளி என்பது நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. குறியீட்டுக் கணக்கில் 12. எக்ஸ்ஃபாட் அதை ஏற்காது. என்டிஎஃப்எஸ் முறையில் 32 குறியீடுகள்வரை இடம் உண்டு என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் அந்த முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் ஆப்பிள் கணினி நேரடியாக எழுதாது. பல தொலைக்காட்சிகளும் காரின் ஒலிக்கருவிகளும் படிக்கா. எல்லாக் கருவிகளிலும் செல்லும் டிரைவ் வேண்டும் என்றால் தமிழ்ப்பள்ளி என்ற பெயரை விட்டுவிட்டு அதன் மலாய்ப் பெயரின் சுருக்கமான எஸ்ஜேகேடி என்ற நான்கு ஆங்கிலப் பேரெழுத்துகளைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. எக்ஸ்ஃபாட்டின் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் 2019-ல் பொதுவில் வெளியிட்டுவிட்டது. பெயருக்கு அதில் ஒதுக்கியிருப்பது 22 பைட். அந்த இடத்தை நீட்டிக் கேட்பதற்கான தொழில்நுட்ப வாதம் எளியது. கேட்கவேண்டியவர்கள், 2001-ல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூட்டிக் குறியீட்டுத் தரங்களை விவாதித்த அதே சமூகம்.